சாமி வீட்டுக்கு வரி இல்லை

முப்பத்தொரு வருட சர்வீஸில், கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிய ரிப்போர்ட் ஒன்றை நான் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு முறைதான். ரெவின்யூ பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முதலில் ‘சரி’ என்று எழுதிவிட்டுப் பிறகு ‘இல்லை’ என்று மாற்றினால், பேசிய காசு வரவில்லை என்பார்கள். ‘இல்லை’ என்பதைச் ‘சரி’ என்று மாற்றினால் காசு வந்துவிட்டது என்பார்கள். அப்போது ஓய்வு பெற எனக்கு மூன்று மாதம் இருந்தது.

தாம்பரத்தை ஒட்டிய ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் நடந்தது இது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே.

1. கொடி, செருப்பு, பூட்டு

பொது வழிபாட்டுக்கு மட்டும் பயன்படும் கட்டடத்துக்குச் சொத்து வரி இல்லை. விதியில் முக்கியமான சொற்கள் இரண்டு: ‘பொது’, ‘மட்டும்’. இந்த இரண்டுக்குள்ளும் புகுந்து வெளியே வர எத்தனை பேர் முயன்றிருக்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு டூ வீலர் மெக்கானிக், ஷெட்டின் மூலையில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டு ஷெட் முழுவதும் கோவில் என்று மனு கொடுத்தார். பிள்ளையாரின் மேல் ஒரு ஸ்கூட்டர் சீட் சாய்த்து வைத்திருந்தது. காட்டாங்குளத்தூரில் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த ஒருவர், மாடிப்படிக்குக் கீழே ஒரு படம் மாட்டி, மூன்று மாடியையும் தியான மையம் என்றார். நான் போனபோது மொட்டை மாடியில் நான்கு பையன்கள் தியானத்தில் இல்லை, கேரம் போர்டில் இருந்தார்கள்.

ஒருவர் உண்மையிலேயே சாமி கும்பிடுகிறாரா என்று கண்டுபிடிக்க எந்த அலுவலகத்திலும் கருவி கிடையாது. எனவே நான் மூன்று பொருட்களைப் பார்ப்பேன். முதலில் கொடி. துணி காய்ந்தால் அது வீடு. இரண்டாவது செருப்பு. பூஜை இல்லாத நேரத்தில் வாசலில் ஒரே ஜோடி செருப்பு தினமும் கிடந்தால் அங்கே ஆள் குடியிருக்கிறார். மூன்றாவது பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறதோ அவருடைய இடம் அது. பொது இடத்தின் சாவி ஒருவருடைய இடுப்பில் தொங்காது.

இந்த முறை எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. பெயர் வந்ததும் கொஞ்சம் வாயும் வந்தது. சக ஊழியர் ஒருவரின் பிரிவு உபசார விழாவில் மைக்கைப் பிடித்து, கொடி டெஸ்ட், செருப்பு டெஸ்ட், பூட்டு டெஸ்ட் என்று நடித்தே காட்டினேன். கைதட்டினார்கள். கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

2. சேலையூர் மனு

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் தரைத்தளம் மட்டும் உள்ள பழைய வீடு. உரிமையாளர் கஸ்தூரி. பள்ளிக்கூடத்தில் ஜியாகிரபி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். மகன் வெளிநாட்டில். வீட்டின் ஹாலில் தினமும் மாலை ஐந்து மணிக்கு பஜனை நடக்கிறது, வீடு முழுவதும் வழிபாட்டுக்கு விடப்பட்டுவிட்டது, டீச்சர் நங்கநல்லூரில் அக்காவோடு இருக்கிறார், எனவே வரி விலக்கு வேண்டும் என்பது மனு.

மனுவோடு பஜனைக்கு வருபவர்கள் கையெழுத்திட்ட ஒரு காகிதம் இருந்தது. ‘இங்கு வருவதால் நாங்கள் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறோம்.’

எங்கள் ரெவின்யூ ஆபீசர் நிர்மலா மேடம் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வேலையில் கறார்.

“சார், இதை எப்படி வெரிஃபை பண்ணுவீங்க? மகிழ்ச்சி மீட்டர் ஏதாவது இருக்கா?”

“சந்தோஷமா இருக்கிறவங்க யாரும் அதை எழுதிக் கையெழுத்து போட மாட்டாங்க மேடம். எனக்கு அங்கயே டவுட்டு.”

“டவுட்டு வேணாம். ஃபீல்டு ரிப்போர்ட் வேணும்.”

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். கேட்டில் பூட்டு இல்லை. வாசலில் செருப்பு இல்லை. வீட்டைச் சுற்றி வந்தேன். கொடி இருந்தது, துணி இல்லை. துணி மாட்டும் கிளிப்பு ஒன்றுகூட இல்லை. ஹாலில் சாமி படங்கள், சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஹார்மோனியம். படுக்கையறையில் கட்டில் இல்லை. சமையலறை மேடையில் ஒரு தேங்காய் துருவி மட்டும் இருந்தது. பின்பக்கம் ஒரு ஸ்டோர் ரூம், பூட்டியிருந்தது.

பஜனை குழுவின் செயலாளர் பாலகுமார் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை லேஅவுட் போட்டு விற்பவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை, கையில் கார் சாவி.

“வாங்க சார், வாங்க. எங்க வேணா பாருங்க. ஒளிவு மறைவு எதுவும் கிடையாது.”

“ஸ்டோர் ரூம்?”

“பூஜை சாமான் சார். சாவி அர்ச்சகர் எடுத்துட்டுப் போயிட்டார். வேணும்னா வரச் சொல்றேன்.”

வேண்டாம் என்றேன். ‘ஸ்டோர் ரூம் – பூட்டு’ என்று குறித்துக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி போனேன். ஹால் நிறைந்திருந்தது. பஜனை முடிந்ததும் சிலரிடம் பேசினேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், “இங்க இருக்கிற நேரம் மட்டும்தான் சார் நான் போனைத் தொடறதில்ல” என்றார். வயதான அம்மா ஒருவர், “வீட்டுல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. இங்க கூப்பிடறாங்க” என்றார். இரண்டுமே எனக்கு மதத்தைப் பற்றிய பதிலாகப் படவில்லை. ஆனால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

கஸ்தூரி டீச்சர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உருவம், காட்டன் புடவை.

“நீங்க சொல்லுங்கம்மா. இதனால உங்களுக்குச் சந்தோஷமா?”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றார். சொல்லும்போது பாலகுமாரைப் பார்த்தார். அதை நான் கவனித்தேன். குறிப்பில் எழுதவில்லை. யார் யாரைப் பார்த்தார்கள் என்று எழுத ஃபீல்டு ரிப்போர்ட்டில் இடம் கிடையாது.

3. எதிர்க்கடைக்காரர் சொன்னது

எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் தேவராஜ். அந்தப் பகுதி வயலாக இருந்த காலத்துக் குடும்பம். தெருவில் பாதிக் கடைகள் அவருடையவை. நான் வண்டியை எடுக்கும்போது கூப்பிட்டார்.

“இன்னா சார், கோயிலு பாஸா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

“இன்னாத்த பாக்குற? அந்த டீச்சரம்மா அங்கதான் சார் கீது. கேஸ்காரன் சிலிண்டர் தூக்கினு பின்பக்கமா போறான். சாமியா சார் சோறு ஆக்கி துன்னுது?”

“பிரசாதம் செய்வாங்க.”

“ஆமாமா. காலைல பல்லு வெளக்குற சத்தம்கூட கேக்குது. சாமிதான் வெளக்குது போல.”

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். எனக்குத் தேவராஜ் மேல்தான் சந்தேகம் வந்தது. பஜனைக்கு வருபவர்கள் அவர் கடை முன்னால் டூ வீலரை நிறுத்துகிறார்கள் என்று அவர் முன்பே எங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தார். சண்டைக்காரர் சொல்வதை நம்பக் கூடாது என்பது என் பழக்கம். எல்லோரையும் சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. உண்மையைச் சொல்கிறவனையும் சேர்த்து ஒதுக்கிவிடலாம்.

அலுவலகம் திரும்பி ஃபைலைப் பார்த்தேன். அதில் ஒரு முத்திரைத்தாள் உறுதிமொழி இருந்தது. வீடு பொது வழிபாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டதாக டீச்சர் எழுதிக் கையெழுத்திட்டது. இப்படி ஒரு தாள் இருந்தால் எங்கள் பிரிவில் சந்தோஷப்படுவோம். ‘பொது’ என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. கொடி சரி, செருப்பு சரி, கேட்டில் பூட்டு இல்லை, ஸ்டோர் ரூம் பூட்டைப் பூஜை சாமான் கணக்கில் விட்டுவிட்டேன், தாளும் இருக்கிறது. ‘விலக்களிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4. டீச்சர் கேட்ட கேள்வி

பத்து நாள் கழித்து கஸ்தூரி டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். கடைசியாக வரி கட்டிய ரசீதின் ஒரிஜினலைக் கேட்டு எங்கள் கிளார்க் போன் செய்திருந்தார். டீச்சர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கிளார்க்கிடம் கொடுக்காமல் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“உக்காருங்கம்மா.”

“விலக்கு கிடைச்சிட்டா இந்த ரசீது இனிமே வராதா?”

“வரி இல்லைன்னா ரசீது எதுக்கும்மா?”

“அப்ப உங்க ரிஜிஸ்டர்ல என் பேர்?”

“உங்க பேர் போயிடும். நிர்வாகின்னு பஜனை குழுவோட டிரஸ்ட் பேர் வரும்.”

அவர் ரசீதைப் பார்த்தார். “வீட்டுக்காரர் போனப்புறம் என் பேருக்கு மாத்தின முதல் காகிதம் சார் இது. ஈ.பி. கார்டு இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. இதுக்குத்தான் உங்க ஆபீசுக்கு நாலு தடவை நடந்தேன்.”

மற்றவர்கள் வரி போனால் போதும் என்று வருவார்கள். ரசீது போகிறதே என்று வருந்தி என் மேஜைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். எனக்குப் பழக்கமான சந்தேகம் எழுந்தது. ஆனால் இந்த முறை அது அவர் மேல் இல்லை.

“அம்மா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“நங்கநல்லூர்ல. அக்கா வீட்ல.”

“எந்தத் தெரு?”

டீச்சர்கள் பொய் சொல்லும்போது பிள்ளைகளைவிட மோசமாகச் சொல்வார்கள். உறையை மடித்தார், விரித்தார்.

“அங்கதான் சார் இருக்கேன். பின்னாடி ஸ்டோர் ரூம்ல. அடுப்பு, கட்டில் எல்லாம் அதுக்குள்ளதான்.”

“நான் வந்தப்ப?”

“தினமும் காலைல பாலகுமார் சார் சாவிய வாங்கிட்டுப் போயிடுவார், ராத்திரிதான் குடுப்பார். நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியாதுன்னு பகல்ல என்னைப் பக்கத்துப் பார்க்குல உக்காரச் சொன்னார். செருப்பை உள்ள எடுத்து வைக்கணும். துணிய பாத்ரூம்லயே காய வைக்கணும். ‘கொடியில போடாதீங்கம்மா, இன்ஸ்பெக்டர் மொதல்ல அதைத்தான் பாப்பார், மைக்லயே சொல்லியிருக்கார்’னு சொன்னார்.”

விழாவில் சால்வை கொண்டுவந்து போர்த்தியவர்களில் பாலகுமாரும் ஒருவர் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் பரீட்சைக்கான கேள்வித்தாளை நானே கூட்டம் போட்டு வாசித்திருந்தேன்.

“எவ்வளவு நாளா பாத்ரூம்ல காய வைக்கறீங்க?”

“மனு குடுத்ததுலேர்ந்து. மழைக்கு ஒண்ணும் காயல சார். ஈரத்தோடவே கட்டிக்கறேன்.”

5. நான்காவது பத்தி

மேடத்தின் மேஜையிலிருந்து ஃபைலை வாங்கி அந்த முத்திரைத்தாளை முழுவதும் படித்தேன். முதல் முறை அதன் தலைப்பையும் கையெழுத்தையும் மட்டுமே பார்த்திருந்தேன். நான்காவது பத்தி இப்படி இருந்தது: மேற்படி கட்டடமும் மனையும் நிரந்தரமாகப் பொது வழிபாட்டுக்கு ஒப்படைக்கப்படுகிறது. எனக்கோ என் வாரிசுகளுக்கோ அதில் தனி உரிமை எதுவும் இல்லை. டிரஸ்டின் முடிவே இறுதியானது.

டிரஸ்டின் உறுப்பினர் பட்டியலும் ஃபைலில் இருந்தது. பாலகுமார், அவர் மனைவி, அவர் மைத்துனர்.

வெறும் உறுதிமொழித் தாளால் வீடு கைமாறிவிடாது என்று வக்கீல்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தத் தாளின் மேல் ஓர் அரசு அலுவலகம் ஆமாம், இது பொது இடம்தான், நேரில் பார்த்தோம், இங்கே யாரும் குடியில்லை என்று ஆர்டர் போட்டால் கதை வேறு. ஸ்டோர் ரூமில் இருக்கும் பெண்மணியை நாளைக்கு வெளியே போகச் சொல்ல என் ரிப்போர்ட் ஒன்றே போதும்.

டீச்சரிடம் பத்தியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“வரிக்குன்னுதான் சொன்னாங்க.”

“வரி எவ்வளவு மிச்சமாகும்னு கேட்டீங்களா?”

“வரி எனக்குப் பாரமே இல்ல சார். பென்ஷன் வருது. பாலகுமார் சார்தான், சாமி இருக்கிற இடத்துக்கு வரி கட்டறது தப்பு, அது சாமியை வாடகைக்கு வைக்கிற மாதிரின்னார். எல்லாரும் ஆமான்னாங்க. நான் மட்டும் எப்படி மாட்டேன்னு சொல்றது?” தாளை என் பக்கம் தள்ளினார். “அவர் கெட்டவர் இல்ல சார். பாடும்போது கண்ணுல தண்ணி வரும்.”

“வரட்டும்மா. நான் அதைப் பத்தி ஒண்ணும் எழுத முடியாது.”

“நான் போய் வேணாம்னு சொன்னா பஜனை நின்னுடும். அஞ்சு மணிக்கு யாரும் வர மாட்டாங்க. வீட்டுக்காரர் போனப்புறம் ஆறு மாசம் அந்த ஹால்ல நான் லைட்டே போடல சார்.”

இப்போது அவருக்கு முன்னால் இருந்தவை இரண்டு. வீடு, அல்லது ஐந்து மணி. இரண்டையும் ஒரே தாளில் கட்டி வைத்தது யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். ரசீதை உறையில் போட்டுக்கொண்டு, கிளார்க்கிடம் கொடுக்காமலே போய்விட்டார்.

6. அறை எண் இரண்டு

அறை எண் இரண்டு மேடத்தின் அறை. நிர்மலா மேடம் நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

“பரிந்துரை பண்ணினதும் நீங்க. இப்ப வேணாம்ங்கிறதும் நீங்க. நடுவுல என்ன நடந்ததுன்னு விஜிலன்ஸ் கேட்டா நான் என்ன சார் சொல்றது?”

“நான் ஏமாந்துட்டேன்னு சொல்லுங்க மேடம்.”

“நீங்களா? தாம்பரத்துலேர்ந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் சாமியவே சந்தேகப்படற ஆளு நீங்க. யாரு நம்புவாங்க?”

“டீச்சர் எங்கிட்ட வாயால சொல்லியிருக்காங்க.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல.”

மேடம் பேனாவை மூடினார். “ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன் போடறேன். வியாழக்கிழமை காலைல. ரெண்டு தரப்புக்கும் நோட்டீஸ் போகும். குடியிருக்கிறதுக்கு அங்க ஆதாரம் இருந்தா உங்க ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கலாம். இல்லைன்னா முதல் ரிப்போர்ட் நிக்கும், உங்களுக்கு மெமோ வரும். மெமோவோட ரிடையர் ஆனா பென்ஷன் எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும்.”

நோட்டீஸ் கொடுத்தால் பாலகுமார் மறுபடியும் எல்லாவற்றையும் துடைத்து வைப்பார். மேடத்துக்கும் அது தெரியும். விதியும் அதுதான்.

டீச்சரின் போன் நம்பர் ஃபைலில் இருந்தது. மூன்று நாள் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு, கட்டிலை வெளியே போடுங்கள், செருப்பை வாசலில் விடுங்கள் என்று சொல்லலாம். பாலகுமார் சொன்னதற்கு நேர் எதிர். ஆனால் அவரும் நானும் அந்தம்மாவுக்குச் செய்வது ஒன்றாகிவிடும். எங்கே எதை வைக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, அவர் கேட்க வேண்டும். நான் போன் செய்யவில்லை. நல்ல மனதால் மட்டும் இல்லை, சாட்சியைத் தயார் செய்தேன் என்று பிற்பாடு ஒரு குற்றச்சாட்டு வரும் என்ற பயத்தாலும்தான்.

7. வியாழக்கிழமை

இரவெல்லாம் மழை பெய்து காலையில் விட்டிருந்தது. மேடமும் நானும் அலுவலக ஜீப்பில் போனோம். தெரு முனையிலேயே டூ வீலர்கள் வரிசையாக நின்றன. பாலகுமார் பஜனை குழுவையே கூட்டிவந்திருந்தார். ஹாலில் ஹார்மோனியம் கேட்டது. காலை நேரத்தில் வழிபாடு நடப்பதாகக் காட்டத்தான் அது. அவர் எங்களை வரவேற்கக் கையில் மாலையுடன் தெரு வரைக்கும் வந்திருந்தார். வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். அதனால் நாங்கள் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

வாசல் கிரில்லிலிருந்து காம்பவுண்டு ஓரத்து முருங்கை மரம் வரை ஒரு புதுக் கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு காட்டன் புடவை முழு நீளத்துக்கு விரித்துப் போட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு ரவிக்கை, ஒரு பாவாடை, ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் புதுக் கிளிப்பு. புடவையிலிருந்து சொட்டிய நீர், கீழே விட்டிருந்த பக்தர்களின் செருப்புகள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பாலகுமார் எங்கள் பார்வை போன பக்கம் திரும்பினார். மாலையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அம்மா!” உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “அம்மா, இது யார் துணி? இப்ப நான் உள்ள இருந்தப்ப இல்லையே?”

ஹார்மோனியம் நின்றது. கஸ்தூரி டீச்சர் வெளியே வந்தார். கை ஈரமாக இருந்தது.

“என்னோடதுதான் சார். மழையில மூணு நாளா காயல.”

“யாராவது கேட்டா பூஜைத் துணின்னு…” என்று பாலகுமார் தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

“ரவிக்கைகூடவா?” என்றார் டீச்சர்.

எதிரே கடை வாசலில் தேவராஜ் இரண்டு கைகளையும் தூக்கினார். “பாத்தியா சார்! நான் சொன்னா நம்பல. சாமி புடவ தொவச்சு போட்டுகினு கீது!”

“தேவராஜ் அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் டீச்சர். வகுப்பில் சொல்லும் குரல். தேவராஜ் உடனே உள்ளே போய்விட்டார்.

மேடம் நோட்டைத் திறந்தார். “அம்மா, நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?”

“ஆமா மேடம். ஸ்டோர் ரூம் சாவி பாலகுமார் சார்கிட்ட இருக்கு. ராத்திரி குடுத்துட்டு, காலைல வாங்கிட்டுப் போவார்.”

பஜனை குழுவினர் பாலகுமாரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. “எனக்காகவா கேட்டேன்? சாமிக்குத்தானே கேட்டேன்?” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நம்பிச் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம் என்பது என் அபிப்பிராயம்.

மேடம் கடைசிக் கேள்வியைக் கேட்டார். “அப்ப இது கோவில் இல்லையாம்மா?”

டீச்சர் யோசித்துத்தான் சொன்னார். “சாமி என் வீட்டுல இருக்கார் மேடம். நான் சாமி வீட்டுல இல்ல. இப்பவே சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது.”

பாலகுமார் சாவியை வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார். கூட்டத்தில் பெரும்பாலானோர் அவர் பின்னாலேயே போனார்கள். ஈரச் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, டீச்சர் முகத்தைப் பார்க்காமல்.

8. ரிஜிஸ்டரில் இல்லாத காலம்

விலக்கு மறுக்கப்பட்டது. வரி அசெஸ்மென்ட் டீச்சர் பெயரிலேயே தொடர்ந்தது. முத்திரைத்தாளை அவர் வக்கீல் வைத்து எழுத்து மூலம் ரத்து செய்தார். எனக்கு மெமோ வரவில்லை. ஆனால் ரிப்போர்ட்டை மாற்றியதற்கு நான் எவ்வளவு வாங்கினேன் என்று அலுவலகத்தில் இப்போதும் இரண்டு கணக்கு சொல்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போவதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மனு கொடுத்தவர் உண்மையில் பக்திமானா, பக்தியால் அவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று தேடாதீர்கள். அதை எழுத உங்கள் ரிஜிஸ்டரில் காலமோ கட்டமோ இல்லை. அரசு அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான் வரியை விட்டுக்கொடுக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது. உங்களால் பார்க்க முடிந்தது ஒன்று உண்டு. விலக்கு வந்தபின் யாருடைய பெயர் போகிறது, யாருடைய பெயர் வருகிறது என்பதைப் பாருங்கள். கொடியைப் பார்ப்பதற்கு முன்னால் தாளின் நான்காவது பத்தி வரை படியுங்கள். உங்கள் முறைகளை மைக்கில் சொல்லாதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மாலை சேலையூர் பக்கம் போனவன் அந்த வீட்டுக்குப் போனேன். டீச்சர் கட்டிலைப் படுக்கையறைக்கே கொண்டுவந்துவிட்டார். பஜனை நிற்கவில்லை. பாலகுமார் குழு ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாறிவிட்டது. இங்கே இப்போது ஐந்து பேர் வருகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்ன அந்த வயதான அம்மா அதில் ஒருவர்.

“இப்ப சந்தோஷமா இருக்கீங்களா?” என்று கேட்டேன். பழைய கேள்விதான். இந்த முறை பார்க்க அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

“அதையும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வந்தீங்களா?” என்றார். பிறகு, “பாடும்போது சந்தோஷமாத்தான் இருக்கு. மத்த நேரம் மத்தவங்க மாதிரிதான். மணி அஞ்சாகப் போகுது, அந்த நாற்காலிய எடுத்துப் போடுங்க” என்றார்.

சாமியால் வந்த சந்தோஷமா, ஐந்து நாற்காலியால் வந்ததா? எனக்குச் சந்தேகம் போகவில்லை. நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் கிளம்பினேன். வாசலுக்குக் குறுக்கே அந்தக் கயிறு அப்படியே இருந்தது, அதில் அன்றைக்குத் துவைத்த புடவை. வெளியே வர நான் நன்றாகத் தலை குனிய வேண்டியிருந்தது.